ஒரே நாளில் ஐந்து சேலை

என் அன்பு அக்கா,

வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இதை எழுதுகிறேன். களைப்பு உடம்பில் மட்டும் இல்லை. நீ போய் ஐந்து மாதம். மட்டக்களப்பில் இருக்கும் அம்மாவுக்கு நீ இன்னும் உயிரோடு இருக்கிறாய்.

அம்மாவோடு கடைசியாகத் தொலைபேசியில் கதைத்தபோது, தொண்டையில் ஒப்பரேஷன், இனிக் குரல் வராது என்று நீயே பொய் சொன்னாய். பிறகு என் பக்கம் திரும்பி, "கிழவிட நெஞ்சு தாங்காது. நான் போனாலும் மாசத்துக்கு ஒரு படம் அனுப்பு" என்றாய். அதற்காகத்தானே இங்கே வெஸ்ட்லியில் நம் வீட்டுப் படுக்கையறையை ஸ்டூடியோ ஆக்கினோம்?

சுவரில் வெள்ளை விரிப்பு. வெளிச்சம் மெத்தென்று விழட்டும் என்று, கேக் தட்டில் விரிக்கும் தாளை நிலைவிளக்கில் சுற்றினேன். உன் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மற்றது ஜன்னல் வெளிச்சத்தில் நீலமாகவும் வந்தது. குளியலறை பல்பைக் கழற்றி வந்து மாற்றினோம். கண்ணுக்குக் கீழே இருந்த கருமை போக, அலுமினியத் தாள் சுற்றிய, கேக் சுடும் அவண் தட்டை மடியில் வைத்துக்கொண்டாய்.

"கதையாம இரு அக்கா, படம் ஆடுது."

"பொறு, இனி ஒரேயடியாக் கதையாம இருக்கத்தானே போறன்."

மெலிந்த உடம்பில் சேலைச் சட்டை தொங்கியது. முதுகுப் பக்கம் உடுப்புக் காயப்போடும் கவ்விகளால் இறுக்கினேன். முன்னால் பார்த்தால் கலியாண வீட்டுக்குப் போகிறவள். பின்னால் ஆறு கவ்வி. ஐந்தாவது சேலையில் உன்னால் நிமிர முடியவில்லை. சுவரோடு சாய்த்து எடுத்தேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டுமா?

ஒவ்வொரு படத்துக்கும் அம்மா, "முகம் நல்லாத் தெளிஞ்சிருக்கு மகள். நீ அக்காவ வடிவாப் பாக்கிறாய்" என்பார். அந்தப் பாராட்டை எங்கே வைப்பது? இங்குள்ள நம்மவர்களிடம் ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சியே அலுத்துவிட்டது. உனக்காக நான் இன்னும் சத்தமாக அழவில்லை. அம்மா அழைக்கும்போது குரல் கம்மியிருக்கக் கூடாதே.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் படத்தையும் அனுப்பினேன். உடனே அம்மா அழைத்தார்.

"எல்லாத்திலயும் அவ தனியத்தான் இருக்கா. உன்னைக் கண்டும் எவ்வளவு நாள்? அடுத்த படத்தில ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில நில்லுங்க. எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

"ஓம் அம்மா" என்றேன்.

எந்த விளக்கை எங்கே வைத்தால், அக்கா, உன் பக்கத்தில் நான் நிற்கலாம்?

வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் பறக்கிறேன். இந்தக் கடிதம் எப்போதாவது மற்றவர்கள் கண்ணில் பட்டால், அதற்கு முன்பே அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். என் வாயாலேயே சொல்வேன். நீ பயந்தது போல அவரைத் தனியே தாங்க விடமாட்டேன். அவர் அழுது முடிக்கும்வரை திரும்பி வரமாட்டேன். நானும் அழ வேண்டும்.

உன்னோடு கூடப் பிறந்த,
தங்கச்சி