நூற்றுக்கு நூற்று முப்பத்தொன்று

என் ஆசை மச்சானுக்கு,

சலாம். உங்களை அடக்கிய மையவாடிக்குள் பெண்கள் வருவதில்லை என்பதால் இதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. தென்னைக்கு ஒழுங்காகத் தண்ணீர் பாய்கிறது. நம் மகன் ரியாஸ் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். எனக்கு முட்டி வலி. இதுவரை சொன்னது சேதி. இனி விசாரணை.

கோபப்படாதீர்கள். உங்களைச் சந்தேகப்படுவது எனக்கு இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. பதினாறு வருடம் துபாயில் இருந்தீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. "இந்த விசா முடிஞ்சதும் வந்துடுறேன்" என்று மூன்று முறை சொன்னீர்கள், மூன்று முறையும் புதுப்பித்தீர்கள். அங்கே வேறொருத்தி இருப்பாளோ என்று பேராவூரணியில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தோன்றாதா? வாய்விட்டுக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் நீங்கள் அனுப்பிய சினிமா கேசட்டுகளைத் துருவ ஆரம்பித்தேன்.

ஊருக்கு வருகிறவர்கள் யார் கையிலாவது கொடுத்தனுப்புவீர்கள். சோப்பு, தைலம், டார்ச் லைட், நடுவில் சட்டைக்குள் சுற்றிய மூன்று நான்கு வீடியோ கேசட். எல்லாம் சேர்ந்து எண்பத்திரண்டு ஆயின. அதில் பதினான்கு கேசட்டில் மட்டும், படத்தின் பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு நம்பர் போட்டிருந்தீர்கள். ஒன்றில் 28. ஒன்றில் 17. ஒன்றில் 46. கூட ஒரு வார்த்தை கிடையாது.

பார்த்ததும் அதை மார்க் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? நான் வாங்கிய வாரப் பத்திரிகையில் ஒவ்வொரு படத்துக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடுவார்கள். நீங்களும் அங்கே உட்கார்ந்து மார்க் போடுகிறீர்கள் என்று எண்ணி, உங்கள் பென்சில் நம்பருக்குப் பக்கத்தில் பத்திரிகையின் மார்க்கை நீலப் பேனாவால் எழுதி வைத்தேன்.

ஒன்றாவது ஒத்துப்போனதா? பத்திரிகை தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய படத்துக்கு நீங்கள் பதினேழு. அவர்கள் கிழி கிழி என்று கிழித்த படத்துக்கு ஐம்பத்தெட்டு. அதற்காகப் பத்திரிகைக்காரர்களை நம்பினேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு படத்துக்கு நாற்பத்திரண்டு, இன்னொன்றுக்கு நாற்பத்துமூன்று. அந்த ஒரு மார்க் எதற்கு அதிகம் என்று அவர்களும் சொன்னதில்லை.

முப்பத்தைந்துக்குக் கீழே என்றால் நம் ஊரில் ஃபெயில். அப்படி நீங்கள் ஃபெயிலாக்கிய ஆறு படங்களை நான் வீடியோ டெக்கில் போடவே இல்லை. ஃபெயிலான படத்தைக் கடல் தாண்டி எதற்கு அனுப்புகிறார் என்று அதற்கும் ஒரு சந்தேகம். இது போதாதென்று ஒரு கேசட்டில் 104, இன்னொன்றில் 131. நூற்றுக்கு நூற்று முப்பத்தொன்று! அந்த அதிகப்படி மார்க் படத்துக்கு அல்ல, அதில் நடித்த மகராசிக்குத்தான் என்று முடிவு கட்டினேன். அட்டையில் இருந்த அவள் முகத்துக்கு மீசை வரைந்தது நான்தான். ரியாஸ் என்று சொல்லி அவனுக்குத் திட்டு வாங்கிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் பூத்தில் வரிசையில் நின்று போன் செய்வீர்கள். ஒருமுறை கேட்டீர்கள்.

"அந்தப் படம் பாத்தியா? நம்பர் போட்டிருந்தேனே?"

"பாத்தேன், பாத்தேன். பத்திரிகைல நாப்பத்திமூணு, நீங்க இருவத்தெட்டு. ரொம்பக் கஞ்சம் மச்சான் நீங்க."

கொஞ்ச நேரம் உங்களிடமிருந்து சத்தமே இல்லை. பிறகு, "சரி, பின்னாடி ஆள் நிக்குது, வச்சுடுறேன்" என்றீர்கள். நான் பார்க்காமலேயே பார்த்தேன் என்று சொன்னது பொய். ஆனால் என் பொய்யை விட்டுவிட்டு, உங்கள் மௌனத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் சந்தேகப்பட்டேன்.

இந்தப் பெருநாளுக்கு ரியாஸ் வந்தான். கேசட்டெல்லாம் பூசணம் பிடிக்கிறது, நல்ல படங்களை மட்டும் டிவிடியாக மாற்றிவிட்டு மற்றதைத் தூக்கிப் போடலாம் என்றான். எது நல்ல படம் என்று யார் சொல்வது? பிரவுசிங் சென்டருக்குப் போய், இன்டர்நெட்டில் விமர்சகர்கள் போட்ட மார்க்கையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தான். ஒன்றுக்கு எழுபது சதவீதமாம், ஒன்றுக்கு இருபதாம்.

"இவங்கள்லாம் டிக்கெட் எடுத்துப் பாத்தவங்களாடா?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? அதான் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம்" என்று மூன்று கட்டம் போட்டான். இன்டர்நெட், பத்திரிகை, அத்தா. நான் படிக்கப் படிக்க எழுதினான். பாதியில் பேனாவை வைத்துவிட்டான்.

"அம்மா, அத்தா மார்க்குல அம்பத்தெட்டு இருக்கு. அப்புறம் நேரா நூத்திநாலு. நடுவுல ஒண்ணுகூட இல்லையே."

"ஒங்க அத்தா அப்படித்தான். ஒண்ணு கஞ்சத்தனம், இல்லாட்டி ஊதாரித்தனம்."

"இது மார்க்கே இல்லம்மா. டைமு. டெக்குல பச்சை லைட்டுல மணியும் நிமிஷமும் ஓடுமே, அது. ஒரு மணி முப்பத்தோரு நிமிஷம். நடுவுல புள்ளி வைக்காம எழுதியிருக்காங்க."

அப்படியானால் அந்த நிமிஷத்தில் என்ன இருக்கிறது? எதைப் பார்க்கச் சொன்னார்? நல்லதாக ஒன்றும் தோன்றவில்லை, அதுதான் என் புத்தி. பழுதாகிக் கிடந்த டெக்கை ரியாஸ் தஞ்சாவூருக்கு எடுத்துப்போய்ச் சரி செய்துகொண்டு வந்தான். மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தோம். முதலில் 28-ஐப் போட்டோம்.

இருபத்தெட்டாவது நிமிஷம் வந்ததும் படத்தில் கோடு கோடாக விழுந்தது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் நாடா அப்படித் தேய்ந்துபோகும் என்றான் ரியாஸ். ஏதோ ஆட்டம் பாட்டம் வரப்போகிறது, மகனை எழுந்து போகச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

ஒரு சமையல்கட்டு வந்தது. புருஷன் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். பெண்டாட்டி சோற்றை வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்க்கிறாள். அவன் இன்னொரு தட்டை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொல்கிறான். இருவரும் சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான். கதைக்குத் தேவையே இல்லாத காட்சி.

17-லும் அதுதான். 46-லும் அதுதான். நான் முழுசாகப் பார்த்து, கண்டுகொள்ளாமல் விட்ட படங்களிலும் அதுதான். நான் மீசை வரைந்த மகராசி, ஒரு மணி முப்பத்தோராவது நிமிஷத்தில் நரைமுடி வைத்துக்கொண்டு, பல் போன கிழவனோடு ஒரே தட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதும் நான் நம்பவில்லை மச்சான். சினிமா என்றால் எங்காவது சாப்பிடத்தானே செய்வார்கள்? நம்பர் போடாத படங்களில் பத்தை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். அவற்றிலும் சாப்பாடு இருந்தது. அங்கெல்லாம் அவன் சாப்பிடுகிறான், அவள் கரண்டியோடு நிற்கிறாள். பத்தாவது படத்தில் நிறுத்திவிட்டு அழுதேன். ரியாஸ் எழுந்து வெளியே போய்விட்டான்.

உங்கள் லீவு இரண்டு மாதமும் நம் வீட்டில் விருந்துதான். ஹாலில் ஒரு சஹனைச் சுற்றி நான்கு நான்கு ஆண்களாக உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவீர்கள். நீங்கள் எழுந்து கை கழுவிய பிறகு அடுப்படியில் நாங்கள். வீட்டு வழக்கம் அது. யாருக்கும் அதில் குறை தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எட்டுப் பேர் படுக்கும் அறையில், பதினாறு வருடம் யார் யாரோ ஆண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டபோது தெரிந்திருக்கிறது.

சரி, ஏன் சொல்லவில்லை? பின்னால் ஆள் நின்றதாலா? நான் மார்க், மார்க் என்று பெருமையாகப் பேசியதைக் கலைக்க வேண்டாம் என்றா? ஒரேயடியாகத் திரும்பி வந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே? மூன்று வருடம் இந்த வீட்டில் நாம் இரண்டே பேர். அப்போதும் நீங்கள் ஹாலில், நான் அடுப்படியில்.

இல்லை, ஒரு நாள் சொன்னீர்கள். மீன் ஆணம் ஊற்றும்போது, தட்டைப் பார்த்தபடியே, "நீயும் உக்காரேன்" என்றீர்கள். "எனக்கு வேலை கிடக்கு" என்று வந்துவிட்டேன். அடுப்படியில் ஒரு வேலையும் இல்லை. இன்றைக்கு என்ன புதுசாகக் கொஞ்சுகிறார், எதை மறைக்கிறார் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிடவில்லை. இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

பதினான்கு கேசட்டையும் ரியாஸ் டிவிடி ஆக்கிவிட்டான். எந்த மார்க்கையும் பார்க்கவில்லை. விசாவை மூன்று முறை ஏன் புதுப்பித்தீர்கள் என்பதற்கு மட்டும் எந்தக் கேசட்டிலும் பதில் இல்லை. அந்தச் சந்தேகம் எனக்கு அப்படியே இருக்கிறது. அதை நேரில்தான் கேட்க வேண்டும்.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். அல்லாஹ் நம்மை மறுபடி சேர்த்துவைத்து, அங்கே உங்களுக்கு முன்னால் தட்டு இருந்தால், நீங்கள் கூப்பிடுவீர்களா என்று பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன். கேள்வியெல்லாம் சாப்பிட்ட பிறகு. வந்ததும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

உங்கள் மாமா மகளும் உங்கள் வீட்டுக்காரியுமான
மரியம்