சடைய மகாராஜாவின் வம்ச வரலாறு

என் பிரியமான அண்ணே,

யாரும் நம்பாத கதை ஒன்றைச் சத்தியம் செய்து சொல்லப்போகிறேன். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரைக்கும் என்னை மிஞ்சிய புளுகன் இல்லை என்று பேர் வாங்கியவன் நான். அதனால் யார் படித்தாலும் உனக்கு ஆபத்தில்லை.

உன் பிள்ளைகளுக்கு நான் சொல்லிவந்த வம்ச வரலாறு நினைவிருக்கிறதா? ஆதிச் சடைய மகாராஜாவின் சடை ஏழு காதம். சிக்கெடுக்க நாற்பது யானை. அவர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது சடையின் நுனி தஞ்சாவூரில் கிடந்தது. அதைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு தம்பி பின்னால் நடந்தான். பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். நீ மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை.

நிஜச் சடையனை நாம் இருவருமே பார்த்ததில்லை. ரயில் பாதை போட்ட கூட்டத்தில் காய்ச்சலில் செத்த யாரோ ஒருவன். நீ ஒப்பந்தக் கூலியாய் இருந்த தோட்டத்திலிருந்து ஓடிவந்தவன், பிடிபட்டால் ஜெயில். கூலிகளை மேய்த்த மண்டோர் செத்தவன் பேரைக் கூப்பிட்டபோது "இருக்கேங்க" என்றாய். அன்றோடு மாயாண்டி மகன் ராமன் தொலைந்தான்.

இரண்டு வருஷம் கழித்து நான் வந்து இறங்கினேன், மாயாண்டி மகனாகவே. பிரிக்பீல்ட்ஸ் ரயில் குவாட்டர்ஸ் வாசலில் என்னை எல்லோருக்கும் காட்டி "நம்ம ஊர்க்காரரு" என்றாய். மாயாண்டியின் இன்னொரு மகன் ராமனைத்தான் தோட்டத்தார் தேடிக்கொண்டிருந்தார்கள்; என்னைத் தம்பி என்றால் நீ மாட்டிக்கொள்வாய். சரி, ஒப்புக்கொண்டேன். உன் பிள்ளைகளுக்கு நான் மாமா ஆனேன். சித்தப்பா என்று கூப்பிட எனக்கு நாதியில்லை.

ஓடினவனை ஜெயிலில் போடும் சட்டமும் ஒருநாள் போயிற்று. "இப்பவாவது சொல்லேண்ணே" என்றேன்.

"காயிதத்துல எழுதுன பேரு எழுதுனபடி கெடக்கட்டும்டா. பையனுக்கு உத்தியோகம் இருக்கு."

உத்தியோகம்தானா? இல்லை, சடையனாக இருப்பது உனக்கே பிடித்துப்போயிற்றா?

இப்போது ஊரெல்லாம் சடையன்கள். மூத்தவன் ரயில் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, வாசலில் 'சடையன்' என்று பித்தளைப் பலகை. நடுவிலவன் செந்தூல் ரயில் பட்டறையில். சின்னவன் கிள்ளானில் கடை வைத்து, போர்டிலும் அந்தப் பேரையே எழுதியிருக்கிறான். மாயாண்டி பேரைச் சுமப்பவன் நான் ஒருத்தன், கல்யாணமாகாத கிழவன்.

போன வாரம் உன் பதினாறாம் நாள் காரியம். ஆற்றங்கரையில் சடங்கு செய்த பண்டாரம் மூத்தவனிடம் தாத்தா பேர் கேட்டார். அவன் முழித்தான். பின்னால் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, நீங்க ஊர்க்காரருதானே. எங்க தாத்தா பேரு தெரியுமா?"

"மாயாண்டி" என்றேன்.

பண்டாரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கப்பா பேரும் அதானே?"

எல்லோரும் திரும்பினார்கள். ஒரே ஒரு வார்த்தை போதும், அண்ணே.

"எங்க ஊர்ல மாயாண்டின்னு கூப்பிட்டா அம்பது பேரு திரும்புவாங்க. நாலு மாடும் திரும்பும்."

சிரித்தார்கள். எள்ளும் தண்ணீரும் விட நானும் கையை நீட்டினேன்.

"ஒறவுக்காரங்க மட்டும்" என்றார் பண்டாரம்.

கையை மடக்கிக்கொண்டேன்.

பயப்படாதே. வருஷா வருஷம் உன் திதிக்கு வருவேன், கடைசி வரிசையில் நிற்பேன், வாய் திறக்கமாட்டேன். பேரப்பிள்ளைகளுக்கும் மகாராஜா கதையைச் சொல்வேன். யானையை நூறாக்குவேன். சடை, யானை, கப்பல் எல்லாம் பொய். பின்னால் ஒரு தம்பி சுமந்துகொண்டு நடந்தானே, அது மட்டும் நிஜம்.

உன் தம்பி,
மாயாண்டி மகன் கருப்பையா