ஒற்றைச் செல்லில் வளர்ந்த உருண்டை

செவ்வாய், இரவு.

பர்வீன் அக்காவின் அறுவை சிகிச்சையில் எடுத்த மார்பகப் புற்றுக் கட்டியிலிருந்து பிரித்த செல்களை, ஆய்வகத் தட்டில் குழிக்கு ஒன்றாக விட்டிருந்தேன். பெரும்பாலானவை செத்துவிட்டன. ஒரு குழியில் மட்டும் அந்த ஒற்றைச் செல் பெருகி உருண்டையாகியிருக்கிறது. போன தடவை, "செல்லெல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான்" என்று ஒதுக்கிய என் ஆய்வு வழிகாட்டி மேடம், இன்று மைக்ராஸ்கோப்பை விட்டு எழவேயில்லை. "ஒத்தச் செல்லே இப்படி வளருதுன்னா, கட்டிக்கு இதாம்மா வேர். இனி மருந்தை இது மேல போட்டுப் பாக்கலாம்."

துள்ளிக் குதித்தேன். பிறகுதான் உறைத்தது, அது அக்காவை வாட்டிய நோய். மாலையில் ஸ்கேனுக்காகத் தில்லை நகர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அங்க நல்லா வளரட்டும்மா. இங்க வளராம இருந்தா போதும்" என்று சிரித்தார்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். சில மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கவலை இப்போது எதற்கு? ஸ்ரீரங்கம் வரும்வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.