பெயருக்குப் பின்னால் ஒரு வால்

அப்பா,

உங்களைப் புதைத்த மேட்டில் புதிதாக ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். நம் தேயிலைத் தோட்டத்தின் பெயர்தான். ஆனால் நான் முதலில் பார்த்தது பெயரின் கடைசியை: 'பிரைவேட் லிமிடெட்.'

அந்தப் பழக்கம் உங்களால் வந்தது. பதுளைக் கடைவீதியில் நடக்கும்போது பலகைகளை வாசிக்கச் சொல்வீர்கள். மரம் விற்கும் மரக்காலையின் பெயருக்குப் பின்னால் 'அன்ட் கோ.' மாடியில் சட்டத்தரணியின் பெயருக்குப் பின்னால் 'எல்.எல்.பி.'

"மனுசனுக்கும் வாலு, கடைக்கும் வாலு. நமக்குத்தான் ஒன்னுமில்ல புள்ள!"

நடுவீதியில் நின்று சிரிப்பீர்கள். நான் வெட்கத்தில் உங்கள் சட்டையைப் பிடித்து இழுப்பேன். "ஒரு வாலு நம்மள அடிக்க வந்தா, இந்த வாலத்தான் புடிக்கணும்" என்று மாடியைக் காட்டுவீர்கள்.

நீங்கள் போனபின் பள்ளிக்கூடத்தை விட்டு, அதே வீதியில் ரப்பர் முத்திரை செய்யும் கடையில் சேர்ந்தேன். முதலாளி முதல் நாளே சொன்னார்: "பேரு ஒன்னா இருந்தாலும் வாலு மாறுனா அது வேற கம்பனிம்மா. ஒன்னு குடுத்த வாக்குக்கு இன்னொன்னு பதில் சொல்லாது."

மேட்டில் சுற்றுலா வருகிறவர்களுக்கு அறைகள் கட்டப்போகிறார்களாம். லயத்து வீடுகளில் இருக்கும் ஆட்கள், எதற்கும் போவதுபோல, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததும் வெற்றிலைத் தட்டோடு தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனார்கள். "நான் இருக்கிற வரைக்கும் மயானத்துல யாரும் கை வைக்க மாட்டாங்க" என்றாராம். நல்ல மனிதர், மனதாரத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பனியின் வால் 'பி.எல்.சி.'

அன்று மாலை கோயில் முன்னால் கூடி, இனி கவலையில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்தேன். 

"அந்தப் பலகை துரையோட கம்பனி இல்லங்க. பேருதான் ஒன்னு, ஆளு வேற."

"தோட்டத்துக்குள்ள துரைக்கு மேல ஒரு ஆளா? முத்திரை குத்துறவ சட்டம் பேசுறா!" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிங்க சித்தப்பா. மண்ணு வெட்ட வர்றவன் துரைகிட்ட கேட்டுட்டா வருவான்? அங்க எங்கப்பா இருக்காரு. உங்க அண்ணன்."

சிரிப்பு நின்றது. சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப யாரைப் பாக்கணுங்கிற?"

மாடியைக் காட்டி நீங்கள் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னேன், சட்டையைப் பிடித்து இழுக்க யாரும் இல்லாத தைரியத்தில்.

இன்று காலை முதல் பஸ்ஸில் சித்தப்பாவைக் கூட்டிப்போனேன். எல்.எல்.பி. பலகைக்குக் கீழே அவர் தயங்கி நின்றார். நான் முன்னால் படியேறினேன்.