இரண்டாம் ஓலை

12 ஜனவரி 2025, ஞாயிறு

கல்யாணத்தன்று என் மகள் லதாவைப் பட்டுப்புடவையோடு கோயில் வாசலில் நிற்க வைத்துவிட்டு ஓடிப்போனவன் விக்ரம். எட்டு வருஷம் ஆகிறது. வேலை போனதைச் சொல்ல வெட்கமாம், பெங்களூருக்கு ரயில் ஏறிவிட்டானாம். பிரியாணி அண்டாவைத் திறக்காமலே அனாதை இல்லத்துக்கு அனுப்பினோம். அவள் அப்பா அந்த அவமானத்தோடேயே போய்ச் சேர்ந்தார்.

இப்போது திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டானாம். இவளும் மன்னித்துவிட்டாளாம். என்னை யாரும் கேட்கவில்லை.

இன்று ஆராதனையில் இவர்கள் கல்யாண ஓலையை இரண்டாம் முறை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கல்யாணம். "தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, போதகர் வழக்கம்போல் அடுத்த தாளைப் புரட்டினார். நான் எழுந்து நின்றேன்.

அழவைத்தான் என்பதெல்லாம் தடை ஆகாது. அது எனக்குத் தெரியும். அதனால், அவனுக்குப் பெங்களூரில் ஒரு மனைவி இருக்கிறாள் என்றேன். மஞ்சள் வர்ணம் அடித்த வீடு, ஒரு பெண் குழந்தை என்றும் சொன்னேன். யார் சொன்னது என்று போதகர் கேட்டார். தெரிந்தவர்கள் என்றேன்.

லதா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கழுத்தின் பின்புறம் சிவந்ததை மட்டும் பார்த்தேன்.

13 ஜனவரி

செய்தது சரிதான்.

15 ஜனவரி

விசாரணை முடியும்வரை ஓலை நிறுத்தம். பெங்களூர்ச் சபையிலிருந்து சான்று வரவேண்டுமாம். அதற்குள் லெந்து நோன்புக் காலம் வந்துவிட்டால் ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அதுவரை தாங்குவானா? ஓடிவிடுவான். ஓடட்டும்.

லதா சாப்பாடு எடுத்து வைக்கிறாள். பேசுவதில்லை.

17 ஜனவரி

சபைப் பத்திரிகைக்கு என் தொடர்கதையின் கடைசி அத்தியாயம் தரவேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். வேதாகமத்தையும் பழைய வார இதழ்களையும் வைத்துக்கொண்டு நானாக எழுதக் கற்றேன். நான் கையால் எழுதுவேன், லதா டைப் செய்வாள். இருபது வருஷமாக என் காதல் கதைகளுக்கு ஒரே முடிவு: விட்டுப்போனவன் வந்து முழங்காலில் நிற்பான், அவள் அழுவாள், கோயில் மணி அடிக்கும். லேக் மார்க்கெட்டில் வாழை இலை வாங்கும் இடத்தில்கூட வாசகிகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியிருக்கிறார்கள்.

இந்த முறை திரும்பி வந்தவனை ஹவுரா பாலத்தில் லாரியில் அடிபட வைத்தேன்.

லதா படித்தாள். "கொன்னுட்டீங்களா?"

"கதைக்குத் தேவை."

"கதையிலயாவது எல்லாரையும் மன்னிப்பீங்க. இப்ப அதுவும் போச்சா?" காகிதத்தை மேசையில் வைத்தாள். "மஞ்சள் வீடு, ஒரு பொண்ணு... எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்மா. உங்க பழைய கதை. மைசூர்ல ஒளிச்சு வெச்ச பொண்டாட்டி. நான்தானே டைப் பண்ணேன்? ஊரை மட்டும் மாத்திட்டீங்க."

அவன் செய்ததை நீ மறந்துவிட்டாய் என்றேன்.

"மறக்கல. அவன் என்னை ஒரு தடவை எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சான். ரெண்டாவது தடவை நீங்க."

காகிதங்கள் மேசையிலேயே கிடக்கின்றன.

19 ஜனவரி, ஞாயிறு

முழங்கால் வலி என்று சொல்லிக் கோயிலுக்குப் போகவில்லை. அதுவும் பொய்.

21 ஜனவரி

விக்ரம் வந்தான். உட்காரச் சொல்லவில்லை, உட்காரவும் இல்லை.

"அத்தை, நான் ஓடிப்போனது நிஜம். அதுக்கு என்ன வேணா சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஆனா இல்லாத பொண்டாட்டியை எனக்குக் கட்டி வைக்காதீங்க. எங்கம்மா அந்தக் குழந்தை பேரு என்னன்னு கேட்டு அழுறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சே, என்ன பிறவி நான்! நினைத்தால் உடம்பு கூசுகிறது. அந்த அம்மாள் அழுகிறாள், நான் சிரிக்கிறேன்.

"இந்தத் தடவை ஓடமாட்டியா?"

"டாலிகஞ்ச்ல வீடு பார்த்தாச்சு. ஓடினா லதா ஆட்டோ பிடிச்சு வந்து இழுத்துட்டுப் போயிருவா அத்தை."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கதவைச் சாத்தினேன்.

23 ஜனவரி

கீழ்வீட்டு மதுவந்தி படிக்கட்டில் நிறுத்திக் கேட்டாள்: "மாஷிமா, லதாதிர் பியே கொபே?" கல்யாணம் எப்போது என்று. மேலே ஏறிவிட்டேன். நான் செய்ததை வங்காள மொழியில் எப்படிச் சொல்வது? தமிழிலேயே இன்னும் சொல்லவில்லையே.

26 ஜனவரி, ஞாயிறு

அறிவிப்புகள் முடிந்ததும் எழுந்தேன். "நான் சொன்னது பொய். விக்ரமுக்கு மனைவி இல்லை. என் கதையிலிருந்து எடுத்துச் சொன்னேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். போதகர் "உட்காருங்கம்மா" என்றார். உட்காரவில்லை. இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருந்தது. எத்தனை பேர் வாயில் அந்த வார்த்தையை வைத்து எழுதியிருக்கிறேன்! என் வாயில் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் விக்ரமின் அம்மாவைப் பார்த்து "மன்னிச்சிருங்க" என்றேன். அவனைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இப்போதும் முடியாது.

ஆட்டோவில் லதா சொன்னாள்: "நான் உங்களை இன்னும் மன்னிக்கலம்மா."

"சரி."

"கொஞ்ச நாள் ஆகும்."

என் கதைகளில் இதற்கு நாலு வரி போதும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

ஓலையை முதலிலிருந்து வாசித்தார்கள். இன்று மூன்றாவது. "தடை ஏதேனும்" என்றதும் சபையே என் பக்கம் திரும்பியது. நான் பாட்டுப்புத்தகத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. கல்யாணம் 24ஆம் தேதி, திங்கள்.

செய்ய வேண்டியவை:

லேக் மார்க்கெட்டில் வாழை இலை, மல்லிகைப்பூ — நான்.

பிரியாணி — விக்ரமின் அம்மா. அண்டாவை இந்த முறை திறக்க வேண்டும்.

கடைசி அத்தியாயத்தில் லாரியை எடுத்துவிட்டு மாற்றி எழுதுவது — நான். மணி அடிக்க வேண்டாம்.

டைப் செய்வது — லதா. "அந்தக் காகிதம் எங்கே?" என்று நேற்று அவளாகத்தான் கேட்டாள்.

கோயில் வாசலில் முதலில் வந்து நின்று லதாவுக்காகக் காத்திருப்பது — விக்ரம். அவனாகக் கேட்டுக்கொண்டது.

அவள் வரும்வரை அவன் பக்கத்தில் நிற்பது — நான்.