பக்கப் பார்வை

மார்ச் 4, செவ்வாய்

இந்த நாட்டுக்கு வந்து ஏழு வாரம். கண் முகாமில் இன்றும் நூறு பேருக்கு மேல் பரிசோதித்தேன். தொண்டு வேலைதானே, ஆற அமரப் பார்க்கலாம் என்று நினைத்து வந்தேன். கழுத்து ஒடிகிறது. வீட்டில் அண்ணி வெந்நீர் போட்டு வைத்திருந்தார். தங்க இடம் கொடுத்தவர்களை அண்ணன், அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். இவர்கள் மொழியில் நான் முதலில் கற்ற சொற்கள் அவை.

அண்ணன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். பத்தொன்பது வருடமாக. "முப்பத்தெட்டுப் பிள்ளைங்க. முப்பத்தெட்டும் எனக்கு மாமியார்மா. ஏறினதுலேருந்து குறைதான்."

மார்ச் 9, ஞாயிறு

சாப்பிடும்போது அண்ணனுக்கு இடப்பக்கம் தண்ணீர் வைத்தேன். கை பட்டுக் கவிழ்ந்தது. இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. அண்ணி துடைத்தார். துணி ஏற்கெனவே அவர் மடியில் இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

அண்ணனை வற்புறுத்தி முகாமுக்கு அழைத்துப் போனேன். அட்டையில் கடைசி வரி வரை படித்துவிட்டு, "பாத்தியா?" என்று சிரித்தார்.

பிறகு பக்கப் பார்வைச் சோதனை. வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். இடப்பக்கம் புள்ளிகள் வந்து வந்து போயின. விரல் அசையவில்லை. அப்புறம், புள்ளியே வராதபோது அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார்.

கண் அழுத்தம். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்றும், அவ்வளவுதான். பஸ் ஓட்டவே கூடாது என்றார் டாக்டர். ஓட்டுநர் என்றால் வேலை தருகிற இடத்துக்குச் சீட்டு அனுப்ப வேண்டும். அனுப்புவது என் வேலை.

"லீவு விடற வரைக்கும் ஓட்டிக்கறேனேம்மா. யாருக்குத் தெரியப் போவுது?"

மார்ச் 12, புதன்

அனுப்பவில்லை.

மார்ச் 13, வியாழன்

காலையில் அண்ணனின் பஸ் தெருமுனையில் திரும்புவதை வாசலில் நின்று பார்த்தேன். இடப்பக்கம் சைக்கிளில் ஒரு பெண். ஒரு சாண் இடைவெளி. அவள் கத்தித் திட்டினாள். தன்னைத்தான் என்று அண்ணனுக்குத் தெரியவே இல்லை. எனக்குக் கை காட்டிவிட்டுப் போனார்.

நான் என்ன பண்ணிட்டிருக்கேன்? ரெண்டு நாளா என்னதான் பண்ணிட்டிருக்கேன்?

பத்து மணிக்குச் சீட்டை அனுப்பினேன். முன்னாடியே அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் சொன்னேன். "அப்படியா" என்றார்.

மார்ச் 14, வெள்ளி

அண்ணன் குளிக்கப் போனதும் அண்ணி வந்தார்.

"உனக்கு முந்தியே எனக்குத் தெரியும். ஒரு வருஷமா. கதவோரம் இருந்த நாற்காலியெல்லாம் எதுக்கு நகர்த்தினேன்னு நெனச்ச?"

"ஏன் அண்ணி சொல்லல?"

"சொல்லிட்டா? அப்புறம் அந்த மனுஷன் யாரு?"

பஸ்ஸில் வரும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அது அவருக்குத் தெரியாததா?

மார்ச் 20, வியாழன்

அண்ணி பேசுவதில்லை. என் தட்டை மட்டும் மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

கண் பார்ப்பது என் தொழில். இத்தனை வாரம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். எனக்கு ஏன் முன்பே தெரியவில்லை?

ஏப்ரல் 2, புதன்

அண்ணன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அதே ஆறு மணிக்கு எழுந்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். வேறு ஆள் ஓட்டும் பஸ் வாசலைத் தாண்டும்போது மட்டும் கழிவறைக்குள் போய்விடுகிறார்.

ஏப்ரல் 17, வியாழன்

முகாம் அடுத்த ஊருக்கு மாறுகிறது. பெட்டியைத் தூக்கியபோது அண்ணி ஒரு காகிதத்தை நீட்டினார். "மருந்து எத்தனை மணிக்கு எந்தக் கண்ணுலன்னு பெருசா எழுதிக் குடு." எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்தார். உள்ளே போய்விட்டார்.

ரயில் நிலையம் வரை அண்ணன் கூட வந்தார், டவுன் பஸ்ஸில். ஏறியதும் நேரே ஓட்டுநர் இருக்கை வரை நடந்துவிட்டார். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பின்னாடி எங்க உக்காரணும்னே தெரியலம்மா."

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். அவருக்கு இடப்பக்கம் நான். நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரிய வேண்டுமே என்று, இறங்கும் வரை எதையாவது பேசிக்கொண்டே வந்தேன்.