காலுக்கு அளந்த கார்

ஓமரு, நியூசிலாந்து,
பிப்ரவரி, ஞாயிறு மாலை.

லைலுக்கு,

நலம் விசாரித்து ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். உன் நலம் உன் தங்கை மூலம் வாராவாரம் எனக்குத் தெரிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் அடித்ததும் நான் தோட்டத்துக்குப் போய்விடுவேன் என்று ரொவீனா உன்னிடம் குறை சொல்லியிருப்பாள். தோட்டத்தில் எனக்கு அப்படி ஒன்றும் வேலை கிடையாது. சமையலறை ஜன்னலுக்குக் கீழே நின்றால் போனில் பேசுவது நன்றாகக் கேட்கும், அவ்வளவுதான்.

எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதுகிற அளவுக்குப் பெரிதாக, தடித்த பேனாவில் எழுதியிருக்கிறேன். அப்படியும் உன்னால் படிக்க முடியாது என்கிறாள் ரொவீனா. அப்படியானால் ஜாஸ்லின்தான் படித்துக் காட்டிக்கொண்டிருப்பாள். ஜாஸ்லின், நடுவில் உன் கணவனுக்குச் சில வசவுகள் வரும். தயவுசெய்து எதையும் விட்டுவிடாமல் படி.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். தலைமையாசிரியர் பதவி இந்த முறையும் எனக்குக் கிடைக்கவில்லை. என்னிடம் வேதியியல் படித்தவனுக்கே அதைக் கொடுத்திருக்கிறார்கள். சல்ஃபேட் எது சல்ஃபைடு எது என்று கடைசிவரை அவனுக்குப் பிடிபடவில்லை. இப்போது எனக்கு நேர நிர்வாகம் பற்றி வகுப்பு எடுக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் வேலியை நம் பக்கம் தள்ளிப் போட்டதும் அப்படியேதான் இருக்கிறது. நான் அவரோடு பேசுவதில்லை.

போன ஞாயிறு ரொவீனா போனை வைத்துவிட்டு நேராகத் தோட்டத்துக்கு வந்தாள். "அண்ணன் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டார்" என்றாள். எதிரில் நிற்பவரின் முகம் உனக்குத் தெரிவதில்லை, ஓரங்கள் மட்டும்தான் தெரிகின்றன, நடுவில் கரி அப்பின மாதிரி இருக்கிறது, இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றாள்.  கொத்திய இடத்தையே திரும்பக் கொத்திக்கொண்டிருந்தேன்.

நீ சொல்லியனுப்பியதையும் அப்போதுதான் சொன்னாள். "அந்தக் காரை வித்துத் தொலைக்கச் சொல்லு. கால் குட்டையா இருக்கிற எவனாவது ஓட்டிட்டுப் போகட்டும்."

சண்டை போட்டுக்கொண்டு நீ ஆஸ்திரேலியாவுக்கு, டூவூம்பாவுக்குப் போனதிலிருந்து காரைப் பற்றி எனக்கு வந்த முதல் செய்தி இதுதான்.

பழைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜாஸ்லினுக்கு நீ உன் பக்கத்தை மட்டும்தான் சொல்லியிருப்பாய். உதிரிப் பாகங்களாகப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய, நாமே பூட்டிக்கொள்ள வேண்டிய அந்தக் கிட் காரின் விளம்பரத்தாளை நான் இன்னும் தூக்கி எறியவில்லை. இரண்டு பேர் இருந்தால் போதும், வீட்டில் இருக்கும் ஸ்பானர்களே போதும், ஆறே மாதத்தில் சாலையில் ஓடும் என்று அச்சடித்திருந்தார்கள். படத்தில் ஒருத்தி பக்கத்து இருக்கையில் முடி பறக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாமும் கூரையில்லாமல் லிண்டிஸ் கணவாய் ஏறி வனாகா வரை போவதாக முடிவு செய்தோம். போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர் ஓட்டுவது என்று பேச்சு. அதை மறந்துவிடாதே, பேச்சு அதுதான்.

விளக்கப் புத்தகம் வேறு ஒரு மாடலுக்கு உரியது. கதவுகள் இரண்டும் இடப்பக்கக் கதவுகள். நீதான் கம்பெனிக்கு போன் செய்தாய். "ஒண்ணைத் தலைகீழா மாட்டிப் பாருங்க சார்" என்று அந்தப் பக்கம் ஒருத்தன் நிதானமாகச் சொன்னான். நீ போனைக் கையில் பிடித்தபடியே கொட்டகைத் தரையில் விழுந்து சிரித்தாய். என்னவோ ஏதோ என்று ரொவீனா ஓடி வந்தாள். வலப்பக்கக் கதவு கடைசிவரை வரவில்லை. வருவதற்குள் கம்பெனியே மூடிவிட்டது. ஓட்டுகிறவர் பக்கம் இன்றுவரை கதவு கிடையாது. காலைத் தூக்கித் தாண்டித்தான் ஏற வேண்டும். உனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு அந்த வாரம் வந்தது. நான் பள்ளிப் பிள்ளைகளோடு மலை முகாமுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் முன்பக்கம் முழுவதும் வெல்டிங் முடிந்திருந்தது. இந்த மாதிரிக் காரில் இருக்கை நகராது. பெடல்களை யார் காலுக்கு அளந்து வைக்கிறோமோ அவருக்குத்தான் கார். நீ உன் குட்டைக் காலுக்கு அளந்து வைத்திருந்தாய்.

"யாராவது ஒருத்தன் உக்காந்துதானே அளவெடுக்கணும், வாத்தியாரே? நீ அங்க நெருப்பு மூட்டி மார்ஷ்மெல்லோ சுட்டுக்கிட்டு இருந்த."

இந்த நெட்டைக் காலை வைத்துக்கொண்டு நான் எப்படி ஓட்டுவது என்று கேட்டேன்.

"நீ எதுக்கு ஓட்டணும்? பக்கத்துல உக்காந்து திருத்திக்கிட்டே வருவியே, அது போதாதா?"

அதற்குப் பிறகு நான் சொன்னதையும் நீ சொன்னதையும் இங்கே எழுதப் போவதில்லை. நடுவில் நின்ற ரொவீனாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அது போதும்.

நீ போன பிறகு மிச்சத்தை நான் ஒருவனாகவே முடித்தேன். உனக்காக இல்லை. பாதியில் விட்டான் என்று கார் கிளப்பில் யாரும் பேசக்கூடாது என்பதற்காக. ஒயரிங், கண்ணாடி, பிரேக் குழாய் எல்லாம் என் வேலை. வேலை செய்யும்போதெல்லாம் உன்னைத் திட்டினேன். அதிலும் அந்த பேட்டரிக்காக. பக்கத்து இருக்கைக்கு முன்னால் அது உட்கார நல்ல இடம் இருக்க, இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, கார் நீளத்துக்கும் கேபிள் இழுத்திருந்தாய். எந்த முட்டாள் இப்படிச் செய்வான் என்று கிளப்பில் எல்லோரிடமும் கேட்டிருக்கிறேன்.

கார் சாலையில் ஓடலாம் என்று சான்று கொடுக்கிற இன்ஜினியர் வந்த நாளை ரொவீனா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள் என்று நம்புகிறேன். வெல்டிங்கைப் பார்த்தார், குழாய்களைத் தட்டிப் பார்த்தார், தலையாட்டினார். "எல்லாம் சுத்தமா இருக்கு. ஓட்டிக் காட்டுங்க சார்" என்றார். நான் மடங்கி உட்கார்ந்தேன். முழங்கால்கள் ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் நின்றன. பிரேக்கை மிதித்ததும் முட்டி ஹாரனில் இடித்துக் கார் அலறியது. அதற்குப் பிறகு மிதித்த ஒவ்வொரு முறையும் அலறியது. தெருவில் நாய்கள் எல்லாம் குரைக்க ஆரம்பித்துவிட்டன.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது யாரு காலுக்கு அளந்தது?" என்றார்.

"என் மச்சான் காலுக்கு."

"அப்ப அவரைக் கூப்பிடுங்க. இல்லைன்னா முன்பக்கத்தை அறுத்து நீட்டுங்க. பெரிய வேலை ஒண்ணுமில்லை."

"செஞ்சவன் வந்து அறுக்கட்டும்" என்றேன். தார்ப்பாயைப் போட்டு மூடினேன். மூடியது மூடியபடியே இருந்தது. அதன் விளக்குகள் எல்லாம் எரிகின்றன, லைல். சாலையில் ஒரு நாள்கூட எரியவில்லை.

நீ சொன்னபடி விற்கத்தான் ஏற்பாடு செய்தேன். நேற்று டுனீடினிலிருந்து ஒருவர் வந்தார். கிறிஸ்பின் என்று பெயர், பல் மருத்துவர், உன் உயரம். தாண்டி ஏறினார், உட்கார்ந்தார், கால் பெடலில் போய்ப் பொருந்தியது. எனக்கு வயிறு எரிந்தது. ஸ்விட்சுகளை எல்லாம் காட்டச் சொன்னார். காட்டுவதற்காக நான் சுற்றிப் போய் மறுபக்கம் உட்கார்ந்தேன்.

அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. மண்டியிட்டிருக்கிறேன், தலைகீழாகப் படுத்து ஒயர் இழுத்திருக்கிறேன். பக்கத்து இருக்கையில் எனக்கு என்ன வேலை? நேற்று உட்கார்ந்து, பழக்கத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டேன். பிறகு மெதுவாக நீட்டினேன். போனது. இன்னும் நீட்டினேன். முழுக் காலும் நேராகப் போய், குதிகால் தரையில் பதிந்து, பாதம் முன்தகட்டில் சாய்ந்து நின்றது. எந்தக் காரிலும் எனக்கு இப்படி அமைந்ததில்லை. முன்பக்கத் தகட்டை நீ உன் பக்கத்தைவிட ஒரு முழம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறாய். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் என் கால் இருந்தது.

அந்த மனிதர், "இது எதுக்கு சார், இந்தச் சிவப்பு ஸ்விட்ச்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "விற்பனைக்கு இல்லை" என்றேன். "ஸ்விட்சா?" என்றார். "கார்." "அப்ப எதுக்கு சார் என்னை இவ்வளவு தூரம் வரவழைச்சீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். ரொவீனா அவருக்கு டீயும் சீஸ் ரோலும் கொடுத்து, என் சார்பில் மன்னிப்புக் கேட்டு அனுப்பினாள். நான் இறங்கவில்லை.

இதை நீ அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை. "அந்தப் பக்கம் உக்காந்து பாருடா" என்று ஒரே ஒரு வார்த்தை. நீ சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருப்பேனா என்று ரொவீனா கேட்கிறாள். அவள் உன் தங்கை, அப்படித்தான் கேட்பாள். எனக்குப் பக்கத்து இருக்கைதான் என்று என்னைக் கேட்காமலே நீ முடிவு செய்தாய். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

வனாகாவுக்கு இனிப் போக முடியாது. அதை நினைத்து நேற்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை கோடைகள் உன் கண் நன்றாக இருந்தது. கார் இங்கே இருந்தது. பெட்ரோல் ஊற்றினால் போதும் என்று இருந்தது.

ஆனால் ஒன்று. ரதர்ஃபர்ட் பண்ணையில் உரம் தூவும் விமானம் இறங்குகிற புல்தரையை நீ மறந்திருக்க மாட்டாய். இன்று காலை ஆங்கஸ் ரதர்ஃபர்டைப் பார்த்துப் பேசினேன். நான்கு வருஷமாக நான் அவரோடும் பேசாமல் இருந்தேன், காரணம் உனக்கு எதற்கு. ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிவிட்டு அன்றைக்கு முழுவதும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவருடைய சொந்த நிலம், லைசென்ஸ் யாரும் கேட்க மாட்டார்கள். காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். நேரான தரை, அகலமும் தாராளம். கடைசியில் ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ ஓட்டு. நான் எனக்கென்று நீ வைத்த இடத்தில் உட்கார்ந்து, இடம், வலம், மெதுவாக, மிதி என்று சொல்லிக்கொண்டே வருகிறேன். வாத்தியார் வேலைதானே. ஒரு நாளாவது நான் சொல்கிறபடி நீ கேட்டாக வேண்டும்.

ஈஸ்டருக்கு வா. அதற்குப் பிறகு உறைபனி ஆரம்பித்துவிடும், புல் வழுக்கும். இரண்டு பேரும் வாருங்கள். பின்னறையை ரொவீனா இப்போதே ஒழிக்க ஆரம்பித்துவிட்டாள், வேண்டாம் என்று எழுதினால் அவளுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். நல்லபடியாக வந்து சேர்.

அகலமான பூட்ஸ் போட்டுக்கொண்டு வராதே. பெடல்கள் நெருக்கமாக இருக்கின்றன. மெல்லிய அடியுள்ள பழைய செருப்பு ஏதாவது எடுத்துக்கொள். நான் எதையும் நகர்த்தவில்லை, மச்சான். நீ வைத்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

இன்னும் கோபம் தீராத,
டங்கன்